குசாட்சு போற வண்டியில

...இல்லம்மா, கேளு. கல்யாணமாகி முப்பது வருசத்துல கோடையில ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கினதில்ல நான். எதனாலங்கிற? மேப்பிளு! ஒமியாவுல எங்க கொல்லை பூரா தொட்டி, தொட்டிக்கு ஒரு குட்டை மேப்பிளு மரம். வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தலன்னா இலை நுனி கருகிடுமாம். எங்க வீட்டுக்காரரு கென்சாக்கு இருக்காரே, நான் காய்ச்சல்ல கெடந்தா ஒரு வாய் தண்ணி தந்ததில்ல மனுசன். அதுங்களுக்கு மட்டும் பூவாளியில பன்னீர் தெளிக்கிற மாதிரி ஊத்துவாரு.

போன வருசம் இதே குசாட்சுக்கு, வெந்நீர் ஊத்துல குளிக்கலாம்னு ரூமெல்லாம் போட்டாச்சு. கெளம்புற அன்னிக்கு, வெயிலு ஜாஸ்தி, வேணாம்னுட்டாரு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்... அவரு கடைக்குப் போன நேரமா கத்திய எடுத்தேன். அவரு உசிரா வளக்குற மரத்துல, நல்ல கிளையாப் பாத்து, சுத்திவரப் பட்டைய உரிச்சுட்டேன். சாகட்டும்னுதான்.

உரிச்சப்புறம்தான் அவரு வந்துருவாரேன்னு தோணுச்சு. காயத்துக்குக் கட்டுப் போடுற மாதிரி, தொட்டிக்குப் போட அவரு வாளியில வச்சிருந்த ஈரப்பாசிய அள்ளி அப்பி, பிளாஸ்டிக் தாளச் சுத்திக் கட்டிட்டேன். மறைக்கணுமில்ல?

மறுநா காலையில பாத்துட்டாரு. தொலைஞ்சேன்னு நிக்கிறேன். அந்தாளு கண்ணு கலங்கி, “எனக்குத் தெரியாம நீ பதியம் போடக் கத்துக்கிட்டியா?”ங்கிறாரு! பட்டைய உரிச்சு ஈரப்பாசி கட்டுனா கிளையிலயே வேர் விடுமாம், அதுதான் பதியமாம். ஆமாங்கன்னேன்.

பாழாப்போன கிளை, அந்தப் பாசிக்குள்ள வேர் வேரா விட்டுடுச்சு. அதை அறுத்துத் தனித் தொட்டியில நட்டு, ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டி, “இது உன்னோடது”ன்னாரு. ஒண்ணக் குறைக்கப் போயி ஒண்ணக் கூட்டிட்டு நிக்கிறேன். சிரிக்காதம்மா.

இந்த வருசம் சண்டை போட்டுத் தனியாக் கெளம்பிட்டேன். நான் பாத்துக்கறேன், நீ போயி நிம்மதியாக் குளின்னு அனுப்பி வச்சாரு. எங்க பாத்துக்குவாரு? தன்னோடதுக்கு ஊத்தி முடிச்சுத்தான் என்னோடதுக்கு வருவாரு. அது இளங்கன்னு. மத்தியானமானா நிழலுக்கு நகத்தணும், அத வேற சொல்லாம வந்துட்டேன். வெளியில வெயிலப் பாரேன், எப்படிக் காயுதுன்னு... புதுசா வந்த இலைம்மா, செக்கச்செவேல்னு, கொழந்த கை மாதிரி.

இது தகசாக்கி ஸ்டேசன் தானே? கொஞ்சம் கால ஒதுக்கிக்கம்மா, நான் எறங்கிக்கறேன். இந்தா, இந்தச் சோத்துருண்டைய நீயே சாப்புடு. ஒமியாவுக்குத் திரும்புற வண்டி எந்தப் பிளாட்பாரத்துல நிக்கும், தெரியுமா?