மண் பூசிய கதவு

வாழைக்காயைப் பழுக்க வைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஐயா. சித்தையன்கோட்டையில் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறதே, அதில் தார்களை அடுக்கி, சட்டியில் சருகைப் புகைய விட்டு, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் மண் பூசிவிட வேண்டும். இதைத்தான் மூட்டம் என்போம். முதலில் பழுக்கிற காய் ஓர் ஆவியை விடும். அது பக்கத்துக் காய்க்குச் சேதி சொல்லும். அந்தக் காய் அடுத்ததற்குச் சொல்லும். வாயில்லாத சீவன்களின் பேச்சு அது. நடுவில் கதவைத் திறந்தால் பேச்சு அறுந்துபோகும். பாதி பழம், பாதி காய் என்று நிற்கும்.

என் தம்பி ஈஸ்வருக்கு அந்தப் பொறுமை கிடையாது. எட்டிப் பார்க்கிறேன் என்று திறந்து திறந்தே இரண்டு மூட்டத்தைக் கெடுத்தான். நான் வையவில்லை. தாயில்லாப் பிள்ளை, என் தோளில் வளர்ந்தவன்.

கல்யாண மண்டபங்களுக்குப் பழம் எடுக்கும் சௌகத் அலி பாய்தான் போனில் சொல்லிவிட்டார். "வீரப்பா, இந்த வாட்டியும் திட்டுத்திட்டா வந்துச்சுன்னா இனிமே ஒங்கிட்ட எடுக்க மாட்டேன்." அவரை விட்டால் எங்களுக்கு வேறு போக்கில்லை. என் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் தெருவில்தான். 

மண் பூசுமுன் "உள்ள யாரு?" என்று குரல் கொடுப்பது வழக்கம். அந்த மூட்டத்துக்கும் கொடுத்தேன். தார்களுக்குப் பின்னால் சட்டியை ஊதிக்கொண்டிருந்த ஈஸ்வருக்குக் கேட்கவில்லை போலும். பூசி முடித்துக் கை கழுவும்போதுதான் தட்டினான்.

"அண்ணே, உள்ள இருக்கேண்ணே. தெறண்ணே, மூச்சு முட்டுது."

நான் பக்குவமாகத்தான் சொன்னேன். "செத்த பொறுத்துக்கடா அப்பு. இப்பத் தெறந்தா அம்புட்டும் போயிரும்."

அவன் கேட்கவில்லை. தட்டத் தட்டப் பூசிய மண் வெடித்துப் புகை கசிந்தது. வெடித்த இடத்திலெல்லாம் ஈரமண்ணை அள்ளி அப்பினேன். அழுதுகொண்டேதான் அப்பினேன், ஐயா. பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டான். ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்டானே என்று இருந்தது.

மறுநாள் அவன் பெண்டாட்டி முனீஸ்வரி வந்து, "மாமா, அவரு எங்க?" என்றாள். "திண்டுக்கல் போயிருக்கான் தாயி, வந்துருவான்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே கதவைத் திறந்திருப்பாள்.

முனீஸ்வரி புகார் கொடுத்து நீங்கள் வந்து கதவை உடைத்தபோது பார்த்திருப்பீர்கள். ஒரு சீப்பில்கூடத் திட்டு இல்லை, அத்தனையும் ஒரே நிறம். ஈஸ்வர் மட்டும் அதைப் பார்த்திருந்தால், அண்ணன் செய்ததுதான் சரி என்று அவனே சொல்லியிருப்பான்.