படம் தெளிவாக இல்லை

எனக்குப் பழைய காகிதம் ஒத்துக்கொள்ளாது. பில் கட்டைப் பிரித்தாலே தும்மல் அடுக்கடுக்காக வரும். அதனால் இனிமேல் அலுவலகத்தில் காகிதமே வேண்டாம் என்று முடிவெடுத்தபோது முதலில் கைதட்டியவள் நான்தான்.

முறை எளிது. வேலைக்காகக் கைக்காசு போட்டவர்கள் பில்லைச் செல்போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பியதும் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். படத்தைப் பார்த்து ‘சரி’ என்றோ ‘படம் தெளிவாக இல்லை’ என்றோ அழுத்துவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் பக்கத்து மேஜைப் பெண்ணும். சின்னப் பெண், என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள்.

மேனேஜர் எங்கள் இருவரையும் உள்ளே அழைத்தார். “இனிமே இங்க ஒரு ஆள் போதும்மா. கம்பெனிக்கு யார் அதிகமா மிச்சம் பிடிக்கிறீங்களோ அவங்க இருக்கட்டும்.”

என் கணவர் படுத்த படுக்கை. வலது பக்கம் அசையாது. ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவுக்குச் சம்பளம், வீட்டு வாடகை, எல்லாம் என் ஒருத்தி தலையில். அந்தச் சின்னப் பெண்ணுக்கு வேலை போனாலும் பெற்றவர்கள் இருக்கிறார்கள், வயசும் இருக்கிறது. எனக்கு இனி யார் கொடுப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

முதலில் நிஜமாகவே மங்கலான படங்களைத்தான் திருப்பினேன். பிறகு ஓரம் மடிந்தவற்றை, நிழல் விழுந்தவற்றை. போகப்போக எல்லாமே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. காகிதத்தைக் கிழித்தவர்கள் மறுபடி எதைப் படம் எடுப்பார்கள்? முன்பென்றால் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் வந்து நிற்பார்கள். இப்போது யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அது பெரிய வசதி.

டிரைவர் அண்ணன் மட்டும் வந்து நின்றார். காலையில் எங்களை ஏற்றிவந்து மாலையில் வீடு சேர்க்கும் வேனை ஓட்டுபவர்.

“தங்கச்சி, டயருக்குப் போட்ட காசும் வரல, டீசலுக்குப் போட்டதும் வரல. பொண்ணு காதுல கிடந்ததக்கூட வித்தாச்சு. நான் என்ன பொய்க் கணக்கா அனுப்புறேன்?”

“படம் தெளிவா இல்லண்ணே. நான் என்ன பண்ணட்டும்?”

“என் கண்ணுக்கே தெரியுதேம்மா.”

அதட்டிக்கூடச் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அடுத்து பிரேக். கையில் காசில்லாததால், மெக்கானிக் எழுதிக் கொடுத்த செலவு விவரத்தை முன்கூட்டியே அனுமதி கேட்டு அனுப்பியிருந்தார். கீழே மெக்கானிக் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘பிரேக் முழுக்கத் தேய்ந்துவிட்டது. மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.’ தொகை பெரிது. ஒரே ஓட்டல் பில்லை இரண்டு தடவை அனுப்பிய ஆளைக் கண்டுபிடித்து, அந்த மாதம் பக்கத்து மேஜைப் பெண் என்னை முந்தியிருந்தாள். ‘படம் தெளிவாக இல்லை’ என்று அழுத்தினேன்.

சாயங்காலம் கிளம்பும் முன் அவள் கேட்டாள். “அக்கா, அண்ணனோட பிரேக் பில்லு உங்களுக்கு வந்துச்சா? வண்டி ஓடியே ஆகணும், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னு மேனேஜர் சொல்லிட்டாராம். மனுஷன் முகமே செத்துக் கிடக்கு.”

“அதெல்லாம் காலையிலயே பாஸ் பண்ணிட்டேன். பிரேக்கும் மாத்தியாச்சு.”

“அப்பாடா,” என்று பையை மாட்டிக்கொண்டாள். “நான்கூட பஸ்ல போயிடலாமான்னு பாத்தேன்.”

பாலத்து இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. டிரைவர் அண்ணன், அவள், பேக்கிங் பிரிவு அம்மா ஒருவர். மற்றது உங்களுக்கே தெரியும். காரியமெல்லாம் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டு, இனி இந்தப் பிரிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். பில்கள் நிறைய சேர்ந்திருந்தன.

ஆமாம், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது. படித்துவிட்டுத்தான் திருப்பினேன். பிரேக் மாற்றியாகிவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னதும் நான்தான். ஆனால் அவள் சாக வேண்டும் என்று நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி நினைக்கக்கூடியவள் இல்லை நான்.

தினமும் வேனில் போகிறவள் அன்றைக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இவருக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது, அதனால் பஸ்ஸில் போனேன். மாதக் கடைசிவரைக்கும் வீட்டில் மருந்து இருந்தது, வாஸ்தவம்தான். அதற்காக, தீர்ந்துபோகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? நோயாளி இருக்கிற வீடு.