மூணு விரல் சந்தனம்

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட கார் டிரைவர் ஒருவர், பக்கத்திலிருந்த வேட்டிக்காரரிடம் சொன்னார்:

"காரை நல்லாத் துடைச்சதாலதான் வேலையை விட்டுட்டு வந்தேண்ணே."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

"ஏன், செட்டியாரு வீட்டு ஆச்சி ஏசுனாகளா?"

"ஏசியிருந்தா இருந்திருப்பேன். ஆயுத பூசைக்கு எங்க செட்டியாரு மூணு வெரலால பானெட்டுல சந்தனம் பூசுனாக. வருசா வருசம் மறுநாளே ஈரத்துணியால எடுத்துருவேன். விட்டா பெயிண்டைத் தின்னுரும். இந்த வருசம் மறுநாள் விடியுமுன்ன அவுகளே போய்ச் சேந்துட்டாக. துடைக்க மறந்துட்டேன்."

"பெறகு?"

"கருமாதிக்குச் சனம் வருமேன்னு, கறை போற மட்டும் பாலிஷ் போட்டுத் தேச்சேன். எல்லாம் முடிஞ்ச மறுநாள் ஆச்சி வந்து பானெட்டைத் தடவிப் பாத்தாக. 'அவுக வெரலு எங்கப்பா?'ன்னாக."

வேட்டிக்காரர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"குனிஞ்சு தேடுனாக. கறுப்புக் காராச்சேண்ணே, அவுக மொகம்தான் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. பொட்டில்லாத மொகம். அதை அவுக அதுவரைக்கும் கண்ணாடியிலகூடப் பாக்கலை."