ஈரல் சுமந்த பழி

— ஊது.

— அம்மா, எனக்கு நாப்பத்தாறு வயசாகுது.

— ஆகட்டும். பெத்தவ கேக்கறேன், ஊது.

— டிப்போவுல தினம் காலையில குழாயில ஊதிக் காட்டினாத்தான் பஸ் சாவியே குடுப்பாங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட அந்தக் கருவி கத்தினதில்ல. போதுமா?

— பின்ன ஏன் உன் பொண்டாட்டி போன்ல ஈரல் ஈரல்னு அழுதா? கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். காது இன்னும் கெடல எனக்கு.

— தையல் மிஷின முதல்ல நிறுத்து. சொல்றேன்.

— அது பாட்டுக்கு ஓடட்டும். யூனிபார்ம் நாளைக்குக் குடுக்கணும். நீ சொல்லு.

— ஈரல்ல கட்டிம்மா. புத்துநோய்.

— புத்துநோயா?

— இப்ப மிஷின நிறுத்திட்டியே. ஆமாம்மா, அதேதான்.

— என்னத்தச் சொல்ல. அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்க. அந்த மனுஷனும் இப்படித்தான், கண்ணு மஞ்சளா, வயிறு பானையா. எங்கடா ஒளிச்சு வச்சுக் குடிச்ச?

— குடிக்கலம்மா. சின்ன வயசுலயே உன் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்ட. அடுத்தவன் கல்யாணத்துல கூட நான் வெறும் சோடாதான். கூட வேலை செய்யறவங்க எனக்கு வச்ச பேரே சோடாதான்.

— உங்கப்பாவும் தொட்டதில்லன்னுதான் சொன்னாரு. சாகற வரைக்கும் அதே பாட்டு.

— அதத்தான் சொல்ல வந்தேன். டாக்டரம்மா என்னையும் முதல்ல அப்படித்தான் பாத்தாங்க. எத்தனை வருஷமாக் குடிக்கறீங்கன்னாங்க. இல்லைன்னு சத்தியம் பண்ணாத குறை. அப்புறம் அப்பா கதையக் கேட்டுட்டு ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. பொறவியிலயே வர்ற கோளாறாம்.

— பொறவியிலன்னா?

— மூக்கு முழி வர்ற மாதிரி. அது இருந்தா ஈரல்ல கொழுப்பு சுலபமாச் சேருமாம். கொழுப்பு புண்ணாகி, புண்ணு தழும்பாகி, கடைசில கட்டி. அதுக்குச் சாராயம் ஒரு சொட்டு கூட வேண்டாம். எனக்குச் சர்க்கரையும் இந்தத் தொப்பையும் சேந்துக்கிச்சு. இருக்கற எல்லாருக்கும் கட்டி வராதாம். எங்களுக்கு வந்துடுச்சு.

— எங்களுக்குன்னா?

— எனக்கும் அப்பாவுக்கும். அவருக்கும் இதுவாத்தான் இருக்கும்னாங்க.

— கதை விடாத. அவர் மேல வாடை அடிச்சுதே. பக்கத்துல படுத்தா எனக்குத் தலை வலிக்கும். நான் என்ன மூக்கில்லாதவளா?

— அப்பா வேலை பாத்த அச்சாபீஸ்ல மை உருளைய எதாலம்மா துடைப்பாங்க? ஸ்பிரிட்டாலதான். கையெல்லாம் அதுதான், சட்டையெல்லாம் அதுதான்.

— அத அவரும் சொன்னாரு.

— சொன்னாருல்ல.

— குடிச்சவன் சொல்ற சாக்குன்னு விட்டுட்டேன். நான் மட்டுமா? உன் மாமா சொன்னாரு, ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க. ஈரல் கெட்டா வேற என்ன காரணம் இருக்கும்னாங்க.

— உன்னக் குத்தம் சொல்ல வரலம்மா.

— பின்ன?

— கடைசி வரைக்கும் பின்பக்கத் தகர ஷெட்டுலதான படுத்தாரு. சாப்பாட்டுத் தட்ட என்கிட்டத்தான் குடுத்தனுப்புவ. அத வாங்கி வச்சுட்டு, குனிஞ்சு என் மூஞ்சியில ஊதுவாரு. வாடை இருக்காடான்னு கேப்பாரு. நான் தெரியலப்பான்னு சொல்லிட்டு ஓடியாந்துடுவேன். இருந்ததில்லம்மா. ஸ்பிரிட்டு வாடை சட்டையிலதான். வாயில இருந்ததே இல்ல.

— இத நீ ஏன் அப்பவே சொல்லல?

— உனக்குப் பயந்துதான்.

— மழை பெஞ்சா ஒழுகும் அந்தத் தகரம். ஒரு நாள் கூட உள்ள வரேன்னு கேக்கல, பாவி மனுஷன்.

— அழாதம்மா.

— நான் அழல. உனக்கு அறுத்து எடுத்துடலாம்ல? என் ஈரல்ல பாதிய வெட்டி வைக்கச் சொல்லு. இனிமே எனக்கு எதுக்கு அது?

— அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. கட்டி ரத்தக்குழாய்க்குள்ள போயிடுச்சாம். ஊசியும் மாத்திரையும் குடுத்துக் கொஞ்ச நாள் தள்ளலாம்னாங்க.

— கொஞ்ச நாளுன்னா?

— பாப்பா காலேஜ் முடிக்கறதப் பாத்தாப் பெரிசு.

— பாப்பாவுக்கு? என் பேத்திக்கும் இது போயிருக்குமா?

— ஒன்னு போயிருக்கும். பொறவியில வர்றது எல்லாமே ரெண்டு ரெண்டா வருமாம், அப்பாகிட்ட ஒன்னு, அம்மாகிட்ட ஒன்னு. அவ அம்மாவுக்குப் பாத்தாச்சு, கோளாறு இல்ல. அதனால பாப்பாவுக்கு ஒன்னோட போச்சு. உடம்பப் பாத்துக்கிட்டு டாக்டர் சொல்றப்ப ஸ்கேன் எடுத்துக்கிட்டா, அவ்வளவு பயம் வேண்டாமாம். எனக்குத்தான் ரெண்டும் கோளாறு, அதான் இவ்வளவு மோசம்.

— உனக்கு ரெண்டு.

— ஆமா… அதில்லம்மா. எனக்கு ரெண்டுமே அப்பாகிட்டருந்து வந்தது. சில பேருக்கு அப்படியும் வருமாம். எல்லாம் அவரு குடுத்ததுதான். நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத.

— போதும்டா. செத்துப்போன மனுஷன் மேல இன்னொரு பழியப் போடாத. அதுல ஒன்னு என்னுது.