கறுப்பு வைனும் ஆட்டுக்கறியும்

கஹோர் வைனை மீனோடு வைக்கக் கூடாது. வைத்தால் வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி நிற்கும். இத்தாலியின் பலெர்மோவோ கடலோர ஊர், திரும்பிய பக்கமெல்லாம் மீன். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த வைனைத் தவிர வேறெதையும் தொடாத ஒரு மனிதரைத்தான் நான் பல வருடங்கள் பராமரித்தேன்.

அவர் ஓய்வுபெற்ற வக்கீல். வீட்டில் எல்லாரும் அவரை அவொக்காத்தோ என்றே கூப்பிடுவார்கள், மகள் ஜூலியாகூட. லிபெர்த்தா வீதியில் பெரிய வீடு. இறந்துபோன மனைவி பிரெஞ்சுக்காரி. பிரான்சின் தென்மேற்கில் கஹோர் என்ற ஊர் அவவுடையது. லோத் என்று ஓர் ஆறு அந்த ஊரை வளைத்துக்கொண்டு போகிறதாம். ஆற்றை ஒட்டிய படிநிலங்களிலும் மேலே சுண்ணாம்புக்கல் மேட்டிலும் மல்பெக் என்ற திராட்சையைப் பயிரிடுகிறார்கள். அதன் வைன் சிவப்பு என்று பெயர், பார்த்தால் கறுப்பு. வருடா வருடம் மனைவியின் ஆட்கள் அங்கிருந்து பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். கல்லுக்குள் கஷ்டப்பட்டு வேர் விட்ட கொடிதான் நல்ல வைன் தரும் என்று அவர் அடிக்கடி சொல்வார். நான் தலையாட்டுவேன். எங்கள் அப்பாவும் மன்னார் உப்பளத்தில் கஷ்டப்பட்டவர்தான். அவருக்குக் காலில் வெடிப்பு வந்தது, பிறகு கண் போனது. நல்லது எதுவும் வந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த வைனுக்குக் கொழுப்பு வேண்டும். கொழுப்பில்லாத சாப்பாட்டோடு குடித்தால் நாக்கு வறண்டு இழுக்கும். தன் சொந்தக் கொழுப்பிலேயே வெந்த தாரா வாத்தின் கால், கொத்திறைச்சி அடைத்த குடலோடு வெந்த வெள்ளை அவரை, ஆட்டுத் தோள், நீலம் பூத்த சீஸ். அவருடைய மனைவி சமைத்த விதமாகவே எல்லாவற்றையும் பழகினேன். கபோ சந்தையில் எந்த இறைச்சிக் கடையில் கொழுப்பை வெட்டி எறியாமல் தருவார்கள் என்றும் பழகினேன். எனக்கான சோறு கறியைச் சமையலறைக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பேன். வாசம் உள்ளே போகக் கூடாது. யாரும் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு.

அந்த வீட்டில் இன்னொரு ஒழுங்கும் இருந்தது. அது வைத்தியர் வைத்தது. அவொக்காத்தோவின் நெஞ்சு பலவீனமானது. நித்திரை வராத நாளில் கொடுக்க ஒரு சிறு போத்தலில் தூக்கத் துளிகள் இருந்தன. வைன் குடித்தால் துளி இல்லை. துளி கொடுத்தால் வைன் இல்லை. இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்று வைத்தியர் எனக்கு மட்டும்தான் சொன்னார், ஏனென்றால் நான்தான் அங்கே நின்றேன். அவர் வைனை விடமாட்டார் என்பதால் துளிப் போத்தல் பெரும்பாலும் மூடியபடியே கிடந்தது.

இனிச் சொல்லப்போவது இங்குள்ள எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். ஊருக்குப் போகிறவர் தன் வேலை வீட்டில் ஒரு பதில் ஆளை விட்டுவிட்டுப் போக வேண்டும். விடாவிட்டால் வேலை போய்விடும். விட்டாலும் சில வேளை போய்விடும், பதிலுக்கு வந்தவளை வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டால். அதனால் பதில் ஆளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்து, ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுவோம். கோப்பியில் எவ்வளவு சீனி என்பது, எந்த யன்னல் இறுகும் என்பது. வீட்டுக்காரர் இரண்டு நாளில் சலித்து, அவள் எப்போது வருவாள் என்று கேட்க வேண்டும். பகேரியாவிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். இதைப் பாவம் என்று கோயிலில்கூட யாரும் நினைப்பதில்லை.

ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது சுஜானியை விட்டுவிட்டுப் போனேன். சுஜானி என் தம்பி கொட்வினின் மனைவி. தம்பி ஸ்கூட்டர் விபத்தில் செத்தபிறகு அவளும் மகள் மொனிகாவும் என்னை நம்பித்தான் இங்கே இருந்தார்கள். அவளுக்கு எல்லாம் காட்டினேன். போத்தலைச் சாப்பாட்டுக்கு வெகு முன்பே திறந்து வைக்க வேண்டும் என்பது, தாராக் காலைக் கடைசியில் சட்டியில் மொறுமொறுப்பாக்குவது, துளிப் போத்தல் இருக்கும் இடம், எத்தனை துளி என்பது. வைத்தியர் வைத்த ஒழுங்கைச் சொல்லவில்லை. நான் மறைத்த ஒன்று அதுதான். மறைப்பதற்கு இறுகும் யன்னல் எதுவும் அந்த வீட்டில் இல்லை.

மன்னாருக்குப் போய்ச் சில நாளில் சுஜானி போன் எடுத்தாள்.

“மச்சாள், உங்கடை கிழவர் நல்ல பகிடிக்காரன். நான் எனக்கெண்டு ஆட்டுக்கறி வைச்சன். மணத்துக்கு எழும்பித் தடியை ஊண்டிக்கொண்டு குசினிக்கை வந்திட்டார்.”

“குடுத்தனியே?”

“குடுக்காமல்? உந்தக் கறுத்த வைனோடை வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டார். மூக்காலை தண்ணி ஓடுது, ஆனால் கோப்பையை விடேல்லை. இவ்வளவு காலமும் இந்த வைனைத் தாராவுக்கு வீணாக்கிப்போட்டன் எண்டு சொல்லுறார்.”

“உறைப்பு அவருக்கு ஒத்துவராது, சுஜானி.”

“உங்களுக்குத்தான் பயம். நீங்கள் ஏன் மச்சாள் ஒருநாளும் எங்கடை சாப்பாட்டை அவருக்குக் குடுக்கேல்லை?”

நானும் சிரித்தேன். பிறகு சின்னோரா ஜூலியாவின் குரல் செய்தி வந்தது. அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து கனகாலம், நீயும் களைத்துப்போயிருக்கிறாய், அவசரமில்லை, ஊரில் ஆறுதலாக நின்று வா என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். தானும் கடற்கரை வீட்டுக்குப் போகிறாளாம். ஆனால் ஆறுதலாக வா என்று சொல்லப்பட்ட பெண்கள் திரும்பி வந்து வேலை தேடி எந்தெந்தக் கதவைத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். என் கட்டில் அந்த வீட்டில். என் பதிவு அந்த முகவரியில். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. உப்பளத்தில் ஒருத்தி விழுந்தால், அவளைத் தூக்குவதற்கு முன்பே அவளுடைய கூடையை இன்னொருத்தி எடுத்துவிடுவாள். நான் அப்படி எடுத்திருக்கிறேன். அதனால் சுஜானியில் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கூடையை எடுத்தாள், அவ்வளவுதான்.

மடுவில், மரத்தடியில், கூடாரத்துக்கு வெளியே சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சுஜானி மறுபடி போன் எடுத்தாள். பலெர்மோவில் அப்போதுதான் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது.

“மச்சாள், ஒண்டு கேக்கவேணும். கிழவர் வைன் குடிச்சிட்டார், இண்டைக்குக் கொஞ்சம் கூட. இப்ப வெக்கைக்கு நித்திரை வரேல்லை எண்டு அந்தத் துளியைக் கேட்டு ஆக்கினைப்படுத்துறார். ரெண்டும் சேரலாமோ?”

எல்லாரும் மறைப்பதைப் போல நானும் ஒன்றை மறைத்தேன் என்பதோடு இந்தக் கதை முடிந்திருக்கும். அவள் கேட்டுவிட்டாள். அடுப்பில் விறகை உள்ளே தள்ளினேன். சோற்றை மூடினேன். ஆத்திரத்தில் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது.

“ஓம், குடு. நான் எப்பவும் குடுக்கிறனான்.”

“மெய்யே? எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு.”

“வெக்கை நாளிலை கொஞ்சம் கூட விட்டாலும் பிழையில்லை. என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“சீ, என்ன கதை கதைக்கிறீங்கள். உங்களை நம்பாமல் நான் ஆரை நம்புறது?”

அன்று ஆராதனைக்குப் போனேன். அவொக்காத்தோவுக்காக ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினேன்.

ஒரு மதியம் அவர் அளவுக்கு மீறித் தூங்கி எழும்புவார், வீடு பயந்துபோய் என்னைக் கூப்பிடும் என்றுதான் நினைத்தேன். இதைப் பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வைத்தியர் சொன்னது தூக்கம் இல்லை, மூச்சு. அது எனக்கு அப்போதும் ஞாபகத்தில் இருந்தது.

அவர் எழும்பவில்லை. அவர் தூங்கிய பிறகு சுஜானி மொனிகாவைக் கோயில் கோடை வகுப்பிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். திரும்பி வந்து கோப்பியோடு அவரைத் தட்டி எழுப்பியிருக்கிறாள். பொலிசுக்கு எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள், வைன், துளி, தான் வெளியே போனது. தன் வசதிக்காகக் கிழவரை மயக்கிவிட்டுப் போனாள் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை, என்னோடு கதைத்ததை. என் பெயர் வந்தால் எனக்கும் பெர்மெஸ்ஸோ போகும், பிறகு மொனிகாவை அரசாங்க விடுதியில் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சிறைக்கு மொனிகாவைக் கூட்டிக்கொண்டு போவேன். பிள்ளை தாயோடு இத்தாலியனில் கதைக்கும். தமிழில் கதை என்று நான்தான் சொல்வேன். ஒருநாள் பிள்ளையைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டுச் சுஜானி கேட்டாள்.

“மச்சாள், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். அண்டைக்கு நீங்கள் மறந்துபோனீங்களோ?”

“ஓம், மறந்திட்டன்.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது, என்னைவிட எவ்வளவோ இளையவள்.

“அப்ப சரி,” என்றாள். “பிள்ளைக்குக் காதுக்குப் பின்னாலை நல்லாத் தேய்ச்சு முழுக வாத்துவிடுங்கோ.”

நான் இப்போது சின்னோரா ஜூலியாவின் வீட்டில் வேலை செய்கிறேன். மொனிகாவுக்கும் அங்கே சின்ன அறை தந்திருக்கிறாள். சுஜானி வெளியே வரும்போது பிள்ளை பெரியவளாகிவிடும். இப்போதே என்னை அம்மா என்று கூப்பிடுகிறது. நான் திருத்துவதில்லை.

போன கிழமை அவொக்காத்தோவின் நினைவு நாள். சின்னோரா அவருடைய கடைசி கஹோர் போத்தலைத் திறந்தாள். நான் தாராக் கால் பொரித்தேன், அவருடைய மனைவி செய்யும் விதமாக. ஆட்டுக்கறி நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும், ஆனால் வைக்கவில்லை. சின்னோரா எனக்கும் கொஞ்சம் ஊற்றித் தந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் அன்று வீட்டில் இருந்திருந்தால் அப்பா செத்திருக்க மாட்டார் என்று சொல்லி அழுதாள்.

இவ்வளவு காலத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.