காலி லிஃப்ட் மேலேதான் போகும்

லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் தலைக்கு மேலே மாறும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் கதவைப் பார்ப்பேன். கதவு சாத்திக்கொள்ளும் விதத்தை வைத்தே ஒரு லிஃப்டின் வயதைச் சொல்லிவிடலாம்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் மேடம். நின்றுகொண்டே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

என் பெயர் நெவில் ஹார்கட். காலண்டூன் விமான நிலையத்தில் பயணிகள் கண்ட இடத்தில் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைத் திரட்டிக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். வண்டி தள்ளுகிறவன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை லிஃப்டில் போவான். பழைய முனையத்தின் வடக்குக் கோடியில் இருப்பது 1964-ல் வைத்த லிஃப்ட். கறுப்புப் பொத்தான்கள். அழுத்தினால் உள்ளே போய் அப்படியே நிற்கும். மாடி வந்ததும் டக்கென்று வெளியே வரும். இப்போதைய பொத்தான்களில் அழுத்தினோமா இல்லையா என்று நமக்கே தெரிவதில்லை.

எங்களை மாதிரி ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய லிஃப்டுகளில் போய், அவற்றின் சத்தத்தைப் பதிவுசெய்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். எங்கள் ஊரில் ஐந்து பேர். ஞாயிறு காலையில் வருகைப் பகுதி காப்பிக்கடையில் கூடி, மீட் பை என்னும் இறைச்சி அடைத்த பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். பறவை பார்க்கிறவர்களைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. எங்களைக் கண்டுதான் சிரிக்கிறார்கள்.

ஐந்து பேரில் லிஃப்டை நிஜமாகவே பழுதுபார்க்கத் தெரிந்தவள் டானிகா வூகிச் ஒருத்திதான். நிலையத்தின் லிஃப்டுகளெல்லாம் அவள் பொறுப்பு. முதல் நாள் என்னைப் பார்த்தபோது கையில் கருவிப்பெட்டியோடு நின்றாள்.

"என்ன பெரிசு, மைக்கை நீட்டி லிஃப்ட்கிட்ட பேட்டி எடுக்கறீங்களா?"

நான் வாயில் விரலை வைத்தேன். பதிவு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. அது எங்கள் ஒரே கண்டிப்பான விதி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு மாடி கூடவே வந்தாள். அடுத்த ஞாயிறு தானும் ஒரு மீட் பை வாங்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்துவிட்டாள்.

வடக்கு லிஃப்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி லிஃப்ட் வைக்க வேண்டும் என்பது மேனேஜரின் ஆசை. பழஞ்சின்னமாக அறிவித்துவிட்டால் அவரால் தொட முடியாது. அதற்காக நாலு வருடம் கடிதம் எழுதினேன். கடைசியில் மாநிலப் பழஞ்சின்னக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்து பார்க்கச் சம்மதித்தார்கள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அவர்கள் வருவதாக இருந்த நாள் இன்று, வெள்ளிக்கிழமை.

லிஃப்ட் நிற்கும்போது மோட்டார் அடங்கும். உடனே பிரேக் சக்கரத்தைக் கவ்வும். 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு மாதமாக அந்த டப் அரை நொடி பிந்திக்கொண்டிருந்தது. வளர்த்த நாய் நொண்டினால் சொந்தக்காரனுக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய் காலையில் டானிகா என்னைத் தேடிக்கொண்டு பயணிகளின் பெட்டிகள் சுற்றி வரும் பட்டைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நெவ், வடக்கு லிஃப்ட்ல பிரேக் சத்தம் சரியாப் படல. தேஞ்சிருக்கோன்னு தோணுது."

"வயசான லிஃப்ட். உன் முட்டி சத்தம் போடறதில்லையா?"

"என் முட்டி மேல ஏறி யாரும் ரெண்டாம் மாடிக்குப் போறதில்ல, பெரிசு."

இரண்டு பேரும் சிரித்தோம்.

"பாரம் ஏத்திச் சோதிக்கணும்னா ரெண்டு நாள் பூட்டணும்," என்றாள். "பூட்டினா அந்த மேனேஜர் ஆளு மறுபடி திறக்க விடமாட்டான். நீங்க நேத்து எடுத்த பதிவ அனுப்புங்க. பழசோட சேத்துக் கேட்டுப் பாக்கறேன். துளி பிந்தினாலும் பூட்டிடுவேன். அப்புறம் என்னத் திட்டக் கூடாது."

"திட்டமாட்டேன்."

ஒரு பதிவைக் கேட்டுவிட்டு எப்படி முடிவெடுத்தாள் என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். எங்களில் ஒருத்தராக இருந்தால் கேட்டிருக்கமாட்டீர்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, மாடி, உள்ளே எத்தனை பேர் என்று வாயால் சொல்வோம். எங்கள் மேஜையில் வயதைப் பற்றிப் பொய் வரும். எங்கள் ஐவரில் ஒருவனான லெஸ், தான் பிடித்த மீனைப் பற்றி அளப்பான். பதிவில் பொய் சொன்னவர் கிடையாது.

அன்று முழுக்க வண்டி தள்ளினேன். தேவையில்லாத இடத்துக்கெல்லாம் தள்ளினேன். மூன்று தேநீர் வாங்கி மூன்றையும் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து, ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்றை எடுத்தேன். தேதியை வெட்டிவிட்டு, "செப்டம்பர் எட்டு, திங்கள், தரையிலிருந்து இரண்டாம் மாடி, உள்ளே ஒருவர்" என்று புதிதாகச் சொல்லிச் சேர்த்தேன். பின்னணியில், எப்போதோ மூடிப்போன ஒரு கடையின் காப்பி இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டேன். இருபது நிமிட வேலை. சுத்தமாக வந்தது.

மாலையில் பதில் வந்தது. "குழந்தை மாதிரி தூங்குது உங்க லிஃப்ட். நாளைக்கு கூரைமேல ஏறி தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுடறேன். வெள்ளிக்கிழமை வர்றவங்க வெண்ணெய்ல போற மாதிரி போகணும்."

பிரேக் விட்டால் லிஃப்ட் கீழே விழும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆள் நிறைந்திருந்தால் விழும். காலி லிஃப்ட் மேலேதான் போகும். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் இரும்புப் பாரம் காலிப் பெட்டியைவிடக் கனம். பாரம் கீழே இறங்க, பெட்டி மேலே ஏறும். இதை நானே லெஸ்ஸுக்கு இரண்டு சர்க்கரைக் கிண்ணங்களை வைத்து விளக்கியிருக்கிறேன். டானிகா அந்தக் காலிப் பெட்டியின் கூரைமேல் நிற்கப்போகிறாள் என்பதும், அவளுக்கு மேலே கான்கிரீட் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன்.

ஆனால் அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிரேக் இன்னும் மூன்று நாள் தாங்கும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை ஏழே கால் பிரிஸ்பேன் விமானம் போனதும் முனையம் காலியானது. அவள் முதல் மாடிக் கதவைத் திறந்து பெட்டியின் கூரையில் இறங்கினாள். நான் இரண்டாம் மாடிக் கதவில் இருக்கும் ஒடுக்கமான கண்ணாடிக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றேன்.

"யாரு மேல, நெவ்வா?"

"நான்தான்."

"பதிவு ஓடுதா? சரி, நான் வாயத் திறக்கல."

கொஞ்ச நேரம் எண்ணெய்ப் புட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிரேக் வழுக்கியது. காய்ந்த கம்பளியை மரத்தில் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். எடுத்த எடுப்பில் வேகம் பிடிக்காது. நாலு நொடி இருந்தது. கூரையின் மூலையில் குறுகிப் படுத்தால் ஓர் ஆள் தப்பும் அளவுக்கு அங்கே இடம் உண்டு. அவளே ஒருமுறை எனக்குக் காட்டியிருக்கிறாள். கைவிளக்கை அவள் பெட்டி ஏறியிறங்கும் தண்டவாளத்தின் பக்கம் பிடித்திருந்தாள்; வழவழப்பான இரும்பில் நகர்வது சட்டென்று தெரியாது.

"நெவ்," என்றாள். "இது நகருதா?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை.

அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. அந்தப் பதிவு உங்களிடம்தான் இருக்கிறது. முழுதாகக் கேட்டிருப்பீர்கள். என் குரல் எங்கேயும் இல்லை.

ஆகவே, தேதியை மாற்றியது நான். பிரேக் தேய்ந்தது தெரிந்தும் அவளை ஏறவிட்டது நான். நகருகிறதா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் நின்றவனும் நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

கையெழுத்தை மட்டும் இன்றைக்குக் கேட்காதீர்கள். நீதிமன்றத்தில் நான் குற்றத்தை மறுக்கப்போகிறேன். வடக்கு லிஃப்டுக்கு முத்திரை வைத்துவிட்டீர்கள், வழக்கு முடியும்வரை அதில் ஓர் ஆணியைக்கூட யாரும் கழற்ற முடியாது என்று வழக்கறிஞர் சொன்னார். நான் ஒப்புக்கொண்டால் இரண்டே மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். மறுத்தால், மேல்முறையீடும் சேர்த்து ஐந்தாறு வருடம் ஓடும் என்கிறார். அதற்குள் மேனேஜர் மாறிவிடுவார். குழுவுக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதலாம்.

டானிகா உயிரோடு இருந்திருந்தால் அவளும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள்.