ஒரு புட்டிக்கு ஒரு குறை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அம்மையார் அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பேராசிரியப் பெருமக்களே, ‘உயிர்வேதியியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதில் தேடி வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, எழுந்து போக வசதியாகக் கதவோரம் இடம் பிடித்திருக்கும் தொலைநோக்காளர்களே, நாளை முதல் வெள்ளை அங்கி அணியப்போகும் இளையவர்களே, உங்கள் அனைவருக்கும், இந்த நொடியில் உங்களுக்குள் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கும் கோடானுகோடி வேதிவினைகளுக்கும் என் வணக்கம்.

நான் இதே துறையில் படித்தவன். மூன்றாண்டுப் படிப்பை நிதானமாக, ஆழமாக, நான்காண்டு படித்தவன். தலைவர் அம்மையார் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது. என் வகுப்புத் தோழி அவர். அந்த நாளில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தராசு’. எதையும் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை நிறுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். எனக்கு வைத்த பெயர் ‘உடைசல்’. ஏன் என்பதைக் கண்ணாடிச் சாமான்கள்தாம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

முதல் நாள் முதல் வகுப்பில் ஒரு பேராசிரியர் வந்தார். வருகைப்பதிவு எடுக்கவில்லை. கரும்பலகையைத் தொடவில்லை. “இப்ப நான் ஒண்ணுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன் எலும்புக்குள்ள இருபது லட்சம் ரத்த அணு புதுசா பொறந்துடுச்சு. நீ என்ன பண்ணிட்டு இருந்த?” என்று என்னைக் கேட்டார். நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணிப் பாருங்கள். உங்கள் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கும்? ஒரு படி? ஒரு கோப்பை? ஒரே ஒரு தேக்கரண்டி. நீங்கள் விருந்து உண்டாலும் அதே தேக்கரண்டி. வீட்டில் கோபித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்தாலும் ஏறக்குறைய அதே தேக்கரண்டி. மாளிகையில் இருப்பவருக்கும் அதுதான், மூட்டை சுமப்பவருக்கும் அதுதான். யார் அளக்கிறார்கள்? யார் கூட்டுகிறார்கள்? யார் குறைக்கிறார்கள்? ஓய்வறியாமல் உறக்கமறியாமல், பாராட்டுக்கு ஒரு கூட்டம்கூடப் போடாமல், யார் இதைக் காக்கிறார்கள்? அன்றைக்கு வாயைப் பிளந்தவன் நான். கொட்டாவிக்காக அல்ல என்று அம்மையாரே சாட்சி சொல்வார். தலையாட்டுகிறார். நன்றி.

ஆனால் நான் சொல்ல வந்தது பாடத்தை அல்ல, ஒரு மனிதரை. எங்கள் ஆய்வகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். அனைவருக்கும் அவர் ‘லேப் அண்ணன்’. எந்த அலமாரியில் எந்த அமிலம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இன்னொரு பெரும்பணியும் அவருடையது. அம்மாமார்கள் முகம் சுளிக்கக் கூடாது; இது அறிவியல்.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு புட்டி சிறுநீர் கொடுப்பார்கள். அதில் என்ன குறை என்று கண்டுபிடிக்க வேண்டும். நோயாளிகளிடம் வாங்குவதில்லை. நலமான ஒருவரின் சிறுநீரை எடுத்து, ஒரு பகுதியில் புரதம், ஒரு பகுதியில் பித்தம், ஒரு பகுதியில் இரத்தம் என்று கலந்து வைப்பார்கள். அந்த நலமான ஒருவர் யார்? இருபது ஆண்டுகளாக லேப் அண்ணன்தான். துறையின் அதிகாரபூர்வமான ஆரோக்கியம் அவர். அந்த ஆண்டு தேர்வுக்கு முன் பெருமையாகச் சொன்னார்: “இந்தத் தடவ எத்தனை லிட்டர் வேணும்னாலும் கேளுங்க. பஞ்சமே இல்ல.” நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அங்கே பதினெட்டுப் பேர் நின்றோம். பதினெட்டுப் பேரும் மூன்றாண்டு உயிர்வேதியியல் படித்தவர்கள். சிரித்தோம்.

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையாரைப் பார்த்தாலே நீர் பனிக்கட்டியாகும். எனக்கு வந்த புட்டியைச் சூடாக்கினேன். வெள்ளையாகத் திரண்டது. புரதம். அப்பாடா என்று அமர்ந்திருக்கலாம். ஒழுங்குக்காகச் சர்க்கரைச் சோதனையும் செய்தேன். நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் செங்கல் சிவப்பாகிக் குழாயின் அடியில் படிந்தது. சர்க்கரை.

எங்கள் உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதப்படாத, எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒரு புட்டிக்கு ஒரு குறை. இரண்டு வந்தால் ஒன்று உன் தப்பு. எனக்கோ தப்பு பழகிய உறவினர். ‘குழாயைச் சரியாகக் கழுவவில்லை’ என்று முடிவு செய்தேன். புரதம் என்று எழுதினேன். சிவப்பைத் தொட்டியில் கொட்டிக் குழாய் நீரைத் திறந்துவிட்டேன்.

தராசின் முறை வந்தது. அவர் தாளில் பித்தம் என்றும் இருந்தது, சர்க்கரை மிகுதி என்றும் இருந்தது.

“டியூப் கழுவினியாம்மா?” என்றார் தேர்வாளர்.

“மூணு தடவ கழுவினேன் மேடம். மூணு தடவ செஞ்சேன். மூணு தடவையும் சிவப்பு.”

“நான் இந்த வருஷம் சர்க்கரையே வைக்கலம்மா.”

“இருக்குது மேடம்.”

“அந்த வரிய அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா மொத்தமும் தப்புன்னு போட வேண்டியிருக்கும். முதலிடம் வாங்கற பொண்ணுன்னு சொன்னாங்க. எதுக்கு வீம்பு?”

மேற்படிப்புக்கான இடம் அந்த மதிப்பெண்ணில்தான் தொங்கியது. அவர் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார், நான் இரண்டு மேசை தள்ளி நின்று பார்த்தேன். பிறகு தேர்வாளரைப் பார்த்துக் கேட்டார்: “பாத்தத எப்படி மேடம் அடிக்கறது?”

அவையோரே, நான் வீரன் அல்லன். கரப்பான் பூச்சிக்கு வழிவிடுகிறவன். அன்று என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“மேடம், எனக்கும் சிவப்பு வந்துச்சு.”

“உன் தாள்ல இல்லையே?”

“ஊத்திட்டேன் மேடம்.”

“ஏன்?”

“என் மேல நம்பிக்கை இல்ல மேடம்.”

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. “எனக்கும் மேடம்.” சன்னலோரம் ஒரு கை. “எனக்குந்தான்.” புரதப் புட்டிக்காரன் தூக்கினான், பித்தப் புட்டிக்காரி தூக்கினாள், இரத்தப் புட்டிக்காரர்கள் தூக்கினார்கள். பதினெட்டுக் கைகள். பதினெட்டுப் பேரும் பார்த்திருக்கிறோம். பதினேழு பேர், அடுத்த மேசைக்குத் தெரியாமல், தனித்தனியாகத் தொட்டியில் கொட்டியிருக்கிறோம்.

தேர்வாளர் எழுந்தார். எதுவும் கலக்காத மூலப் புட்டியை எடுத்தார். எட்டுச் சொட்டு. அடுப்பைப் பற்றவைத்தார். ஆய்வகமே அந்தச் சிறு குழாயை நோக்கிக் குனிந்தது. நீலம், பச்சை, மஞ்சள், செம்மை. எத்தனையோ முறை பார்த்த நிறம். அன்றுதான் அது ஒரு மனிதரின் குரலாகக் கேட்டது. அந்த ஒரு தேக்கரண்டியைக் காக்கும் காவல் எங்கோ தளர்ந்துவிட்டது; ஆள் அறியாததை அணு அறிந்து, நிறமாய் எழுந்து நின்று சொன்னது.

“இது யாரோட சாம்பிள்?” என்றார் தேர்வாளர்.

மூலையில் அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அது நான்காவது. இடுப்பு வாரில் புதிதாக ஆணியால் குத்திய ஓட்டைகள் இரண்டு. வாயைத் துடைத்துக்கொண்டு, “என்னுதுதாம்மா. ஏன், பத்தலையா?” என்றார்.

பனிக்கட்டி அம்மையார் தன் நாற்காலியை அவரிடம் தூக்கிக்கொண்டு போனார். “உக்காருங்க அண்ணா” என்றார்.

மருத்துவமனையில் சேர்த்தோம். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் நினைவிழந்துதான் வந்திருப்பார் என்றார் மருத்துவர். தராசுக்கு முழு மதிப்பெண். மற்ற பதினேழு பேருக்கும் ஐந்து ஐந்து வெட்டு. மற்றவர்களிடம் வெட்டிக் கொடுக்க ஐந்து இருந்தது. என்னிடம் இல்லை. என் நான்காவது ஆண்டின் வரலாறு இவ்வளவுதான்.

சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுத் தேறிய பிறகு, கும்பலாகப் பார்க்கப் போனோம். கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். “ஏம்ப்பா, என் மூத்திரத்த வச்சே எல்லாரும் பாஸ் பண்ணிட்டீங்களா?” என்றார். “நான் பண்ணலண்ணா” என்றேன். சிரிப்பு அடங்கியது. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

“பதினெட்டு பேரு பாத்தீங்க. ஒரு புள்ளதானே எழுதிச்சு.”

வெள்ளை அங்கி அணியப்போகும் இளையவர்களே, நாளை உங்கள் குழாயிலும் வரக்கூடாத நிறம் ஒன்று வரும். புத்தகம் இல்லை என்னும், விடைத்தாள் இல்லை என்னும், பக்கத்து மேசை இல்லை என்னும், உங்கள் மனமே கழுவிவிடு என்னும். தொட்டி பக்கத்திலேயே இருக்கும், குழாயில் தண்ணீரும் வரும். அந்த நிறத்துக்குப் பின்னால் ஒருவர் தாகத்தோடு நின்றுகொண்டிருக்கலாம். எழுதுங்கள்.

என்னைப் பேச விட்ட தலைவருக்கும், கடைசிவரை கதவைத் திறக்காத கதவோரத்தாருக்கும் நன்றி. தாகமாக இருப்பவர்கள் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி தாகமாக இருப்பவர்கள் மேடைக்குப் பின்னால் வந்து அம்மையாரைப் பாருங்கள். வணக்கம்.